மிதிவண்டி பூட்டுவோர் கவனத்திற்கு

மிதிவண்டி என்றவுடன் நம் பெற்றோர் மனத்தில் எழுந்த உருவம் ஒன்றே. கறுப்புச் சட்டம், அகன்ற கைப்பிடி, பின்னால் ஒரு கேரியர், சக்கரத்தோடு உரசி எரியும் டைனமோ விளக்கு. வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடிப் பெங்களூர் வந்த குடும்பங்கள் பல, இந்நகரில் முதன்முதலாகச் சொந்தமென்று சொல்லிக்கொண்ட உடைமை அவ்வண்டியே. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் அதில் சென்றார்கள். அரிசி மூட்டை அதன் மேல் வந்தது. பிள்ளைகள் அதன் மேல் அமர்ந்து பள்ளிக்குப் போனார்கள். பழுதுற்றால் தெருமுனைக் கடையில் காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்வது வழக்கம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

இன்று நம் இளைஞர் விரும்பும் வண்டி வேறு வகையினது. மெல்லிய சக்கரங்கள், செம்மறிக் கடாவின் கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, ஒரு கையால் எளிதில் தூக்கத்தக்க சட்டம். இதனை 'ரோடு பைக்' என்கின்றனர். ஞாயிறு விடியலில் விவேக் நகரிலிருந்தும் ஈஜிபுரத்திலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் இவ்வண்டிகளில் புறப்பட்டு, 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலைவரை சென்று மீளும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களிலும் உளர். அவர்களுள் சிலர் முழு வண்டியாக வாங்குவதில்லை. சட்டத்தை ஓரிடத்தில், சக்கரங்களை ஓரிடத்தில், கிராங்கையும் பல்சக்கரங்களையும் வேறோரிடத்தில் எனத் தனித்தனியே சேர்த்து, தாமே பூட்டிக்கொள்கின்றனர். நல்ல விருப்பம்தான். கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆர்வத்தைப் பெற்றோர் தடுத்தல் கூடாது. ஆயினும் ஒரு நல்ல சட்டத்தின் விலை, சிறு சம்பளக்காரரின் ஒரு திங்கள் ஊதியத்தை முழுதாக விழுங்கிவிடும். ஆதலின், அப்பணம் எந்த இடத்தில் வீணாகக்கூடும் என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம்.

சென்ற இதழில் தையல் எந்திரத்தைப் பேணும் முறை பற்றி இப்பகுதியில் எழுதினோம். இத்திங்கள் மிதிவண்டிச் சட்டத்தின் அடியிலுள்ள ஒரு துளையைப் பற்றி எழுதுகிறோம். நாம் பொறியியல் கற்றவர் அல்லோம்; பத்தாம் வகுப்பு தேறி, ரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி புரிபவரே. எனினும் இவ்விஷயத்தை விளங்கிக்கொள்ளப் பெரும் படிப்பு வேண்டியதில்லை.

எந்த இடம்?

மிதிவண்டிச் சட்டத்தில், இருக்கையிலிருந்து இறங்கும் குழாயும், முன்னிருந்து சரிந்து வரும் குழாயும், பின்சக்கரத்தை நோக்கிச் செல்லும் இரு கால்களும் வந்து கூடும் இடம் ஒன்று உண்டு. அங்கே குறுக்காக ஒரு குட்டைக் குழல் இருக்கும். அதனுள் ஓர் அச்சு. அச்சின் இரு முனைகளிலும் கிராங்கு. கிராங்கின் முனையில் பெடல். இவ்வமைப்பைப் 'பாட்டம் பிராக்கெட்' என்பர், கடைக்காரர் 'பி.பி.' என்று சுருக்கிவிட்டனர். நாம் இங்கே குழலை 'அடிக்குழல்' என்றும், அச்சை 'மிதியச்சு' என்றும் குறிப்போம்.

ஓட்டுபவனின் கால்வலிமை முழுவதும் இவ்விடத்தின் வழியாகவே செயினுக்குச் செல்கிறது. நிமிடத்திற்குத் தொண்ணூறு முறை மிதிப்பவனின் மிதியச்சு ஒரு மணி நேரத்தில் 5,400 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வலப்பக்கமும் ஒருமுறை இடப்பக்கமும் சுமை மாறி மாறி விழுகிறது. ஆகவே, இங்கே பொருத்தம் சிறிது தளர்ந்தாலும் அத்தளர்ச்சி நாளுக்கு நாள் வளரும், தானாகக் குறையாது.

மரையிட்டுப் பொருத்தும் முறை

நம் பழைய வண்டிகளில் அடிக்குழலின் உட்புறம் மரை வெட்டியிருக்கும். இரு புறமும் கப்பைத் திருகி இறுக்குவர். கப்புக்கும் அச்சுக்கும் இடையே குண்டுகளைக் கிரீஸில் பதித்து வைப்பர். கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின். தேய்ந்தால் குண்டு மாற்றலாம், மேலும் தேய்ந்தால் கப்பை மாற்றலாம், அச்சையும் மாற்றலாம். சட்டத்திற்கு யாதொரு கேடும் நேராது.

உலகெங்கும் மிகுதியாக வழங்கும் மரை அளவுக்குப் 'பி.எஸ்.ஏ. மரை' என்றே பெயர். குறுக்களவு 1.37 அங்குலம், அங்குலத்திற்கு 24 மரை, ரோடு பைக்கில் குழலின் அகலம் 68 மி.மீ. இம்மூன்று எழுத்துகள் நம் வீட்டுப் பெண்களுக்கும் பழக்கமானவையே. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்னும் ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனம் 1861-இல் தோன்றியது. பின்னர் மிதிவண்டித் தொழிலிலும் இறங்கியது. அதன் பெயர்ச் சுருக்கமே பி.எஸ்.ஏ. நம் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூடி 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினர். அம்பத்தூரிலிருந்து 1951-இல் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. பின்னாளில் பி.எஸ்.ஏ. என்னும் பெயரும் அந்நிறுவனத்தின் வண்டிகளில் ஏறி, தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்றது.

இம்மரையில் ஒரு நுட்பம் உண்டு. இடப்பக்கக் கப்பு ஏனைய திருகுகளைப்போல் வலஞ்சுழியாக இறுகும். செயின் இருக்கும் வலப்பக்கக் கப்போ இடஞ்சுழியாகத்தான் இறுகும். இதற்குக் காரணம் அறிய ஒரு பென்சிலை எடுத்துக்கொள்க. அதைக் கைப்பிடிக்குள் தளர்வாகப் பிடித்து, மறுகையால் அதன் முனையை வட்டமாகச் சுழற்றுக. முனை ஒரு பக்கமாகச் சுழல, பென்சில் கைக்குள் அதற்கு எதிர்ப்பக்கமாக மெல்ல உருள்வதைக் காணலாம். மிதிக்கும் சுமை வலப்பக்கம் வலஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி வருவதால், கப்பு இடஞ்சுழியாக உருள முயல்கிறது. அம்முயற்சி கப்பைக் கழற்றாமல் இறுக்கும்படி முன்னோர் மரையையே எதிர்ப்பக்கம் திருப்பி வெட்டினர். இதனை அறியாமல் வலப்பக்கக் கப்பைக் கழற்ற எண்ணி இடஞ்சுழியாக நெம்புவோர், கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கி மரையைக் கெடுப்பர்.

அழுத்திப் பொருத்தும் முறை

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனமாகிய கேனன்டேல் ஒரு புதிய முறையைக் கொணர்ந்தது. அடிக்குழலில் மரை இல்லை. வழவழப்பான துளை மட்டுமே. பேரிங்கின் வெளிவளையத்தைத் துளையைவிட மிகச் சிறிதளவு பெரிதாக்கி, அதனை நேரே அழுத்திச் செருகிவிட்டனர். இதற்குப் 'பி.பி. 30' என்று பெயர். மிதியச்சின் கனம் 30 மி.மீ. என்பது பெயரின் பொருள். 2006-இல் இவ்வளவைப் பிற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று கேனன்டேல் அறிவித்தது.

இதனால் உண்டான நன்மைகளை மறைத்தல் நேர்மையன்று. கனமான அச்சை உள்ளீடற்ற அலுமினியத்தால் செய்யலாம், எடை குறையும், மிதிக்கும்போது முறுக்கம் குறையும். அடிக்குழல் பெரிதாவதால் அங்கே வந்து கூடும் குழாய்களையும் அகலமாக்கலாம். கார்பன் சட்டம் செய்வோர்க்கு மரை வெட்டிய உலோக உறையை உள்ளே ஒட்டும் வேலை ஒன்று மிச்சமாயிற்று. இம்மிச்சத்தின் பயன் வாங்குவோரைவிட விற்போர்க்கே மிகுதியாகச் சென்றது என்பது நம் அபிப்பிராயம்.

பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவை வகுத்துக்கொண்டது. பி.பி. 30-இல் துளை 42 மி.மீ., அகலம் 68 மி.மீ.; பேரிங்கு நேரே சட்டத்தில் அமரும். பி.எஃப். 30-இல் துளை 46 மி.மீ., அகலம் அதே 68. பேரிங்கு ஒரு கப்புக்குள் இருந்து, அக்கப்பு சட்டத்தில் அமரும். ஷிமானோவின் பி.பி. 86-இல் துளை 41 மி.மீ., அகலம் 86.5, அச்சின் கனம் 24 மட்டுமே. துளை 46-ஆகவும் அகலம் 79-ஆகவும் உள்ளது ஒன்று. துளை 46-ஆகவும் அகலம் 86.5-ஆகவும் உள்ளது இன்னொன்று. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் பேரிங்கு மற்றொன்றில் சேராது.

ரயில் சக்கரம் காட்டும் வழி

அழுத்திப் பொருத்துவதே தவறான முறையா என்று கேட்டால், அன்று என்பதே விடை. நம் கிராமங்களில் மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடுவதைக் கண்டோர் நம்முள் இன்னும் பலர் இருப்பர். பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்து, வறட்டி அடுக்கிச் சூடேற்றுவர். சூட்டில் விரிந்த பட்டையை மரச் சக்கரத்தின் மேல் இறக்கி நீர் ஊற்றுவர். குளிர்ந்து சுருங்கும் பட்டை, குடத்தையும் ஆரக்கால்களையும் வட்டையையும் ஒன்றாகக் கவ்விக்கொள்ளும். ஆணியோ திருகோ இன்றி ஆண்டுக்கணக்கில் அது நிற்கும்.

இன்னும் அண்மையில் ஓர் உதாரணம் உண்டு. நம் நகரின் வடபுறம் எலகங்காவில் ரயில் சக்கரத் தொழிற்சாலை இருக்கிறது. 1984-இல் சக்கர அச்சுத் தொழிற்சாலை என்னும் பெயரோடு தொடங்கப்பெற்று, 2003-இல் இப்பெயர் பெற்றது. அங்கே சக்கரமும் அச்சும் செய்து, இரண்டையும் இணைத்து அனுப்புகின்றனர். சக்கரம் அச்சில் நிற்பது திருகினாலன்று, அழுத்தத்தினால்தான். அச்சில் சக்கரம் அமரும் பகுதி, சக்கரத்தின் துளையைவிட இம்மியளவு பெரிது. பல பத்து டன் விசையால் அதனை உள்ளே தள்ளுவர். நாம் ஊருக்குப் போகும் ஒவ்வொரு ரயில் பெட்டியும் இத்தகைய பிடிப்பின் மேல்தான் ஓடுகிறது.

அப்படியானால், ரயிலில் உறுதியாக நிற்கும் முறை மிதிவண்டியில் ஏன் தொல்லை தருகிறது? ரயில் சக்கரத்தில் துளையையும் அச்சையும் கடைசல் இயந்திரத்தில் வட்டம் பிசகாமல் கடைந்து, அளந்து, ஒன்றுக்கொன்று ஏற்றதைத் தேர்ந்து பொருத்துகின்றனர். அழுத்தும்போது விசை எவ்வாறு ஏறிற்று என்பதை வரைபடமாகப் பதிவு செய்கின்றனர். ஏற்றம் சீராக இல்லையேல் அவ்விணைப்பை ஒதுக்கிவிடுவர். மிதிவண்டியின் கார்பன் சட்டமோ அச்சுக்குள் அடுக்கி வார்க்கப்படுவது. அதன் துளை சற்று நீள்வட்டமாகலாம். இடத் துளையும் வலத் துளையும் ஒரே நேர்கோட்டில் அமையாமற் போகலாம். இங்கே வேண்டப்படும் துல்லியம் ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அவற்றுள் சில கூறு. தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. அத்துல்லியத்தைச் சட்டம் செய்தவர் காவாவிடின், பேரிங்கு துளைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அசையும். அசைவிலிருந்து 'கிறீச்' என்னும் ஓசையும், ஓசையைத் தொடர்ந்து தேய்வும் பிறக்கும். எனவே குறை முறையில் இல்லை. அம்முறை கேட்கும் துல்லியத்தைக் கொடாமல் முறையை மட்டும் எடுத்துக்கொண்டதில் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இதனை உணராமல் இல்லை. 2015-இல் கிறிஸ் கிங், ஆர்கோனாட் ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் 'டி 47' என்னும் புதிய மரை அளவை வெளியிட்டன. பெரிய துளையின் நன்மையும் மரையின் உறுதியும் அதில் ஒருங்கே உண்டு. டிரெக் நிறுவனம் 2019-இல் தன் டோமானே வண்டியில் அம்மரையை மேற்கொண்டது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2020-இல் தன் டார்மாக் பந்தய வண்டியைப் பழைய பி.எஸ்.ஏ. மரைக்கே திருப்பிக் கொணர்ந்தது. ஆயினும் இடையில் விற்கப்பட்ட சட்டங்கள் மறைந்துவிடவில்லை. அவைதாம் இப்போது பழைய பொருளாகக் குறைந்த விலைக்கு நம் பிள்ளைகள் கைக்கு வருகின்றன.

ஒரு வீட்டில் நடந்தது

நம் பகுதியில் ஒரு குடும்பம். தந்தை பெயிண்ட் வேலை செய்பவர். தாய் வீட்டிலேயே தையல் தைப்பவர். மூத்த மகன் பண்டகசாலை ஒன்றில் பணிபுரிகிறான். பதினோரு திங்கள் சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் அவன் ஒரு பழைய கார்பன் சட்டத்தை வாங்கினான். சீட்டு எடுத்த ஆண்டு, வீட்டுக்கு வரவேண்டிய வேறு சில பொருள்கள் தள்ளிப் போயின. தாய் அதற்கு மனமுவந்து இசைந்தார்.

சட்டத்தில் பேரிங்கு தேய்ந்திருந்தது. முதலில் அவன் சென்றது நம் தெருமுனைப் பெரியவரிடம். நாற்பதாண்டுகளாக அங்கே மிதிவண்டி பழுது பார்ப்பவர் அவர். சட்டத்தைத் தலைகீழாக வைத்துத் துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இதில் மரை எங்கே, தம்பி?"

"மரை கிடையாது, பெரியப்பா. அழுத்திப் பொருத்துவது."

"அப்படியானால் அதற்கென்று ஒரு கருவி இருக்கும். அது என்னிடம் இல்லை. கருவி இல்லாத வேலையில் நான் கை வைப்பதில்லை."

பெரியவர்க்குப் புது வண்டி தெரியவில்லை என்று பையன் எண்ணிக்கொண்டான். விளக்கொளி மிகுந்த வேறொரு கடைக்குச் சென்றான். அங்கே பழைய பேரிங்கைச் சுத்தியால் தட்டி வெளியேற்றினர். புதியதையும் சுத்தியாலேயே தட்டி உள்ளே ஏற்றினர். பேரிங்கு சாய்ந்து சென்றது. சாய்ந்ததை நிமிர்த்த மறுபடியும் தட்டினர். பத்து நாளில் ஓசை எழுந்தது. ஒரு திங்களில் பேரிங்கு துளைக்குள் கையால் ஆட்டினாலே ஆடத் தொடங்கியது. கடைக்காரர், சட்டமே பழையது என்று சொல்லி முடித்தார். ரசீது இல்லை.

அவன் தாய் நம்மிடம் அச்சட்டத்தைக் காட்டி, "உடைந்தது எங்கே தம்பி? வெளியே ஒரு கீறல்கூட இல்லையே" என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. பதினோரு திங்கள் சேமிப்பு, கண்ணால் காணமுடியாத ஓர் அளவுக்குள் போய்விட்டது. வேறு குடும்பத்திற்கு இது நேராதிருக்க, பின்வருவனவற்றை இளைஞர் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வாங்குமுன்

முதலாவதாக, அடிக்குழலில் மரை உண்டா என்று பார்க்க வேண்டும். குறைந்த பணத்தில் முதல் வண்டி பூட்டுவோர் மரையுள்ள சட்டத்தையே தேர்ந்தெடுத்தல் நன்று. எடை சில பத்துக் கிராம் கூடினால் நந்தி மலை நமக்காக மேலும் உயர்ந்துவிடப் போவதில்லை.

இரண்டாவதாக, மரையில்லாச் சட்டமே கிடைக்கிறது என்றால், துளையின் குறுக்களவையும் குழலின் அகலத்தையும் அளந்து, சட்டத்தின் சரியான வகையைத் தெரிந்துகொண்ட பின்னரே கிராங்கு வாங்க வேண்டும். கிராங்கை முன்னே வாங்கிவிட்டுப் பின்பு இடைவளையங்களால் ஒப்பேற்றுவோர் உண்டு. இயலாததன்று, ஆனால் ஒவ்வோர் இடைவளையமும் அசைவதற்கு இன்னுமோர் இடம்.

மூன்றாவதாக, பழைய சட்டமாயின் பேரிங்கைக் கழற்றித் துளையைப் பார்க்க இசையும் விற்பனையாளரிடமே வாங்குக. துளையின் குறுக்களவை மேல்கீழாகவும் முன்பின்னாகவும் அளந்தால் நீள்வட்டம் தெரிந்துவிடும். சாதாரண வெர்னியர் இதற்குப் போதாது, துளைமானி வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் லேத்து வேலை செய்யும் நம்மவர் வீட்டுக்கு வீடு உளர். அவர்களைக் கேட்டால் நொடியில் அளந்து சொல்வர்.

பூட்டும்போது

துளையையும் பேரிங்கின் வெளிப்புறத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய கிரீஸ், மணல், பிசிறு யாவும் நீக்க வேண்டும். உலோகம் உலோகத்தில் அமருமிடத்தில் மெல்லிய கிரீஸ் பூச்சு வேண்டும். கார்பன் சட்டமாயின், சிலவற்றிற்கு உலர்வாகவும், சிலவற்றிற்குப் பிடிப்புப் பசை இட்டும் பொருத்த வேண்டியிருக்கும். இதில் சட்டம் செய்தவர் தரும் குறிப்பையே பின்பற்றுக; நண்பர் சொல்லைப் பின்பற்ற வேண்டா.

அழுத்துவதற்கு உரிய கருவி எளியது. நடுவே ஒரு நீண்ட மரைக்கம்பி. இரு முனையிலும் பேரிங்கின் அளவுக்கேற்ற வட்டத் தாங்கிகள். திருகினால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும். வட்டத் தாங்கி பேரிங்கின் வெளிவளையத்தை மட்டுமே தொட வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால், அவ்விசை முழுவதும் குண்டுகளின் வழியே சென்று அவை ஓடும் பாதையில் பள்ளம் விழச் செய்யும். புதிய பேரிங்கு ஓடுமுன்னரே கெட்டுவிடும். ஒரு பக்கத்தை முடித்த பின் மறுபக்கத்தைத் தொடங்குக. தொடக்கத்தில் கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, சாயாமல் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்தால் மேலும் திருகாமல் பின்வாங்கி மறுபடியும் தொடங்குக. சுத்தியை அவ்விடத்தில் வைத்திருக்கவே வேண்டா.

கிராங்கை மாட்டும்போது, ஆட்டம் நீங்கும் அளவுக்கு மட்டும் பக்கவாட்டு இறுக்கம் தர வேண்டும். ஷிமானோவின் 24 மி.மீ. அச்சுள்ள கிராங்கில், இடமுனை மூடியை 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர்வரை இறுக்கினால் போதும். அஃது இரண்டு விரல் வலிமையே. பின்னர் கிராங்கைக் கவ்வும் இரு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை இறுக்க வேண்டும். இதற்கு முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர் தேவை. கைப்பழக்கத்தை மட்டும் நம்பினால் மூடியை நெரித்துப் பேரிங்கைச் சிறைப்படுத்திவிடுவோம்.

பூட்டியபின் அடிக்கடி கழற்றுதல் கூடாது. மரையுள்ள கப்பைப் பலமுறை கழற்றி மாட்டலாம். அழுத்திப் பொருத்தியதை வெளியேற்றும் ஒவ்வொரு முறையும் துளை சிறிது தேயும். வெளியே வந்த பேரிங்கும் மறுபடி பயன்படுவது அரிது. ஆகவே அதனைக் காத்தலே சிக்கனம். இரு சக்கர வாகனம் கழுவுமிடத்தில் விசையோடு பீய்ச்சும் நீரை இப்பக்கம் காட்ட வேண்டா. மழையில் ஓட்டிய பின் வண்டியை நிமிர்த்தி வைத்து, சட்டத்தின் அடியில் நீர் வடியும் துளை அடைபட்டிருந்தால் அதனைத் திறந்துவிடுக. இருக்கைக் குழாய் வழியே இறங்கும் நீர் வந்து சேருமிடம் இதுவே.

ஓசை எழுந்தால்

மிதிக்கும்போது ஓசை கேட்டவுடன் பலரும் பி.பி. போயிற்று என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். உள்ளீடற்ற சட்டம் ஒரு வீணைக் குடம் போன்றது. எங்கோ எழும் ஓசை வேறெங்கோ எழுவதாகக் கேட்கும். ஆதலின் செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து பார்க்க வேண்டும்.

இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிக்கையில் ஓசை நின்றால், குற்றம் இருக்கையிலோ அதன் கம்பத்திலோ உள்ளது. மிதிக்காமல் வண்டியை உருளவிடும்போதும் ஓசை வந்தால் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். கைப்பிடியை இழுத்து மிதிக்கும்போது மட்டும் வந்தால் கைப்பிடிப் பிணைப்பையும் முன்கழுத்துப் பேரிங்கையும் பார்க்க வேண்டும். பெடலைக் கழற்றி மரையில் கிரீஸ் தடவி மாட்டுக. இடப் பெடலின் மரையும் எதிர்ப்பக்கமாகவே சுழலும் என்பதை மறவற்க. பல்சக்கரத்தின் போல்ட்டுகளைத் துடைத்து இறுக்குக. பின்சக்கரத்தின் அச்சைத் துடைத்து இறுக்குக. இவை அனைத்தும் செய்தும் ஒவ்வொரு மிதிக்கும் ஓசை தொடருமாயின், அப்போது அடிக்குழலைச் சந்தேகிக்கலாம். அவ்வேளையிலும் இரு பக்கக் கப்புகளும் நடுவே ஒன்றோடொன்று மரையால் பிணைந்துகொள்ளும் வகை ஒன்று கடைகளில் உண்டு. துளை சிறிதே தளர்ந்த சட்டங்களுக்கு அது பல வேளைகளில் துணை செய்யும். பெரிதும் சிதைந்த துளைக்கு அதுவும் உதவாது.

சங்கம் செய்யத்தக்கது

இறுதியாக ஒரு வேண்டுகோள். பேரிங்கு அழுத்தும் கருவி, முறுக்களவு ஸ்பேனர், துளைமானி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு குடும்பமும் வாங்குதல் இயலாது. வாங்கினாலும் ஆண்டில் ஒருநாள்தான் பயன்படும். சங்கத்தின் பொதுநிதியிலிருந்தோ, விருப்பமுள்ள இளைஞர் பகிர்ந்து இடும் சிறு தொகையிலிருந்தோ ஒரு தொகுதி வாங்கலாம். திருமணத்திற்குப் பாத்திரமும் ஜமக்காளமும் சங்கத்திலிருந்து எடுத்துச் செல்வதுபோல் இவற்றையும் முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

அவற்றை வைத்திருக்கத் தக்க இடம் தெருமுனைப் பெரியவரின் கடையே என்பது நம் எண்ணம். கருவி இல்லாத வேலையில் கை வைக்க மறுத்தவர் கையில் கருவியைக் கொடுத்தால், வேலை செம்மையாக நடக்கும் என்று நம்பலாம். புதிய அளவுகளை இளைஞர் கைப்பேசியில் தேடி அவர்க்குப் படித்துச் சொல்லட்டும். மரை எப்போது பிடிக்கிறது, எப்போது சாய்கிறது என்பதை அவர் தம் விரலால் அவர்களுக்குக் காட்டட்டும். பழைய வண்டிகள் குறைந்து, அவர் கடைக்கு வரும் வேலையும் குறைந்துவரும் இந்நாளில், இஃது அவர்க்கும் ஓர் ஆதரவாகும்.

இதனைப் பற்றிய அன்பர்தம் கருத்துகளைச் சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டுகிறோம். லேத்து வேலையறிந்த அன்பர்கள் துளை அளந்துதவ முன்வந்தால், அவர்கள் ஒப்பும் நாள், நேரம் ஆகியவற்றை அடுத்த இதழில் இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.